ராணியின் வீட்டில் என் குதிரை

மார்கழி 8, செவ்வாய்

நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் அரை லிட்டர் கூடுதல். சம்பூரணக்கா வருவதாகச் சொல்லியிருந்தார்.

அக்கா பக்கத்து வீதி. வருஷாவருஷம் தைப்பூசத்துக்குக் காங்கேயத்திலிருந்து பழனிக்கு நடக்கும் பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. பேர் எழுதிக்கொள்ள வந்தார். "ருக்குமணி, உன்ற பேரையும் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னே உள்ளேயிருந்து பதில் வந்தது.

"இவளா? பழனிக்கா? மாடிப்படி ஏறவே முட்டியப் புடிச்சுக்கறா."

பதில் சொன்னது என் வீட்டுக்காரர் குழந்தைவேலு. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மில்லைத்தான் விட்டார், சூப்பர்வைசர் வேலையை விடவில்லை.

"நடக்கறது முட்டியில்லீங்க தம்பி, முருகன்" என்றார் அக்கா.

வீட்டுக்காரர் கூடத்தில் சதுரங்கப் பலகையை வைத்துத் தானே இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தார். கூட ஆடும் சிநேகிதர் மகன் வீட்டோடு ஓசூர் போனதிலிருந்து இப்படித்தான். தலை தூக்காமல் சொன்னார்: "அப்ப அந்த முருகனையே இவளுக்குத் தொணைக்கு ஒக்காரச் சொல்லுங்க. இந்த ஆட்டத்துல என்னை ஒரே ஒருக்கா ஜெயிச்சுட்டான்னா, நானே வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பறேன்."

அக்கா சிரித்தார். அவரும் சிரித்தார். நான் "செரிங்க" என்றேன். இரண்டு சிரிப்பும் நின்றுவிட்டன.

வேண்டுதல் ஐப்பசியில் செய்தது. ஒரு பிரசவம் நல்லபடியாக முடிந்தால் நடந்தே வருகிறேன் என்று. கார்த்திகையில் முடிந்தது. தாயும் பிள்ளையும் சுகம், பெண் குழந்தை என்று அக்காதான் வந்து காதோடு சொன்னார். யாருடைய பிரசவம் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. முருகனுக்குத் தெரியும்.

மார்கழி 9, புதன்

கற்றுக்கொடுங்கள் என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் கற்றுக்கொடுப்பார். அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

சாதாரண சதுரங்கம் எனக்குத் தெரியும். மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அவளுக்கு அவர் சொல்லிக்கொடுப்பார். நான் பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் மளிகைப் பொட்டலக் காகிதத்தைப் படித்தே எழுத்துக் கூட்டினேன். யானை நேராகப் போகும், மந்திரி கோணலாகப் போகும் என்பதா ஏறாது?

ஆனால் இது வேறு. மில்லில் ஷிப்ட் இடைவேளையில் அவரும் கூட்டாளிகளும் உண்டாக்கிய ஆட்டம். வரச் சதுரங்கம் என்று பேர். ஆளுக்கு மூன்று வரம். மூன்று புளியங்கொட்டை பக்கத்தில் இருக்கும். ஒரு வரத்தைச் செலவழித்தால் ஒரு கொட்டையை எடுத்துவிட வேண்டும்.

ஒன்று, கட்டு. நம் காயை நகர்த்திய கையோடு எதிராளியின் ஒரு காயைக் கட்டலாம். அடுத்த ஒரு முறை அது அசையக் கூடாது. ராஜாவைக் கட்ட முடியாது.

இரண்டு, தாண்டல். குதிரை மட்டுமல்ல, எந்தக் காயும் ஒருமுறை குறுக்கே நிற்பதைத் தாண்டிப் போகலாம்.

மூன்று, மீட்பு. வெட்டுப்பட்ட காயைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் அது முதலில் நின்ற கட்டம் காலியாக இருந்தால்தான். அந்த இடத்தில் வேறு எது நின்றாலும் மீட்பு இல்லை.

மத்தியானம் முதல் ஆட்டம். ரசம் கொதிக்கும் முன்பே தோற்றேன்.

மார்கழி 13, ஞாயிறு

தினம் தோற்கிறேன். இன்று தோற்று முடித்தபோது என் மூன்று கொட்டையும் அப்படியே முன்னால் இருந்தன. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எதுக்கு வெச்சிருக்கறே? ஊறுகா போடறதுக்கா?"

"ஆபத்துக்கு இருக்கட்டும்னு வெச்சனுங்க."

"ராஜாவே செத்துட்டான். இன்னும் என்னடி ஆபத்து?"

பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். எண்ணெய் வாங்கினால் ஒரு பாட்டில் எடுத்து உள்ளே வைப்பேன். கல்யாணத்துக்கு வந்த புடவைகள் மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருக்கின்றன. அரிசி பருப்பு எல்லாம் அப்படித்தான். கணக்கு எழுதுகிற கை, மிச்சம் வைத்தால்தான் நிம்மதியாகும். பலகையிலும் அதே கை ஆடியிருக்கிறது.

மார்கழி 14, திங்கள்

இன்று மூன்றையும் எடுத்த எடுப்பில் செலவழித்தேன். அதற்கும் தோற்றேன். "தண்ணியாட்டம் எறைக்கறே" என்றார்.

அவல் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மார்கழி 17, வியாழன்

நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். வசம்பு வாங்கினேன். வீட்டில் கைக்குழந்தை கிடையாது. இருந்தாலும் வசம்பு வீட்டில் இருப்பது நல்லது. கடைக்காரர், "புள்ளைக்கு எத்தனை மாசமுங்க?" என்றார். "விலையச் சொல்லுங்க" என்றேன்.

கோகிலா தாராபுரத்தில் இருக்கிறாள். அந்த ஊர் பேரையும் அவள் பேரையும் இந்த வீட்டில் சொல்வதில்லை. எழுதினால் சத்தம் கேட்காது, அதனால் எழுதுகிறேன். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனவள். வேறு சாதி. "அந்த வாசப்படிய மிதிச்சா இந்த வாசப்படி உனக்கு இல்லை" என்று அவர் என்னிடம் சொல்லிவிட்டார். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இந்த இரண்டு வருஷமாக அந்தப் பஸ் நம் தெருமுனை வழியாகத்தான் போகிறது.

பழனிக்கு நடக்கிறவர்கள் தாராபுரம் வழியாகத்தான் போக வேண்டும். ரோடு அப்படிப் போட்டிருக்கிறார்கள். நான் போவது முருகனைப் பார்க்க.

மார்கழி 20, ஞாயிறு

இன்றும் தோற்றேன், ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். எழுதி வைக்கிறேன்.

என் கட்டு வரம் கையில் இருக்கும்வரை அவர் தன் ராணியை முன்னால் அனுப்புவதே இல்லை. நான் பக்கத்தில் வந்து கட்டிவிடுவேன் என்று பயம். ராணியைச் சுற்றி இரண்டு மூன்று காயைக் காவலுக்கு வைக்கிறார். அந்தக் காய்கள் எல்லாம் சும்மா நிற்கின்றன. நான் ஒரு கொட்டையும் செலவழிக்கவில்லை, அவருடைய பாதிப் படை வேலை செய்யவில்லை!

நான் கட்டைச் செலவழித்த மறு நிமிஷம் ராணி தெருவில் இறங்கிவிட்டாள்.

ஆக, எல்லா வரமும் ஒரே மாதிரி இல்லை. கட்டு, காட்டி மிரட்ட வேண்டிய வரம். தாண்டலும் மீட்பும் செய்துவிட வேண்டிய வரம். எல்லாவற்றையும் பூட்டி வைத்ததும் தப்பு, எல்லாவற்றையும் கொட்டியதும் தப்பு.

பூசை முடித்து விபூதி வைத்துக்கொள்ளும்போது முருகனிடம் சொன்னேன். சாமிக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மார்கழி 25, வெள்ளி

அவர் பழக்கம் ஒன்று பிடிபட்டுவிட்டது. மீட்பை எப்போதும் ராணிக்குத்தான் வைத்திருப்பார். அதனால்தான் ராணி போனாலும் அவருக்கு முகம் மாறுவதில்லை. அடுத்த முறையே திரும்ப வந்துவிடுவாள்.

திரும்பி வர அவளுக்கு அவள் வீடு காலியாக இருக்க வேண்டும்.

இன்று என் குதிரையைக் கொண்டுபோய் அவருடைய ராணியின் கட்டத்தில் உட்கார வைத்தேன். பக்கத்திலேயே அவர் ராஜா, சும்மா விட்டால் வெட்டிவிடுவான். அதனால் முதலில் என் மந்திரியைத் தூரத்தில் கோணலாக நிறுத்திக் குதிரைக்குக் காவல் போட்டேன். பிறகு ராணியை வெட்டினேன்.

அவர் மீட்புக்குக் கொட்டையை எடுத்தார். பலகையைப் பார்த்தார். கொட்டையைத் திரும்ப வைத்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லீங்க. எடம் காலியா இருந்துச்சு, ஒக்காந்துட்டேன்."

கடைசியில் தோற்றேன்தான். ஆனால் காபி ஆறிவிட்டது, அவர் குடிக்கவில்லை.

மார்கழி 30, புதன், போகி

கோகிலாவின் அறையைச் சுத்தம் செய்தேன். அவள் போன மறு வாரமே அவர் அங்கே உரமூட்டைகளையும் ஓட்டைச் சைக்கிளையும் கொண்டுவந்து அடுக்கிவிட்டார். கட்டில் முழுக்க மூட்டை. ஒவ்வொன்றாக இழுத்துக் கொல்லைப்பக்கம் போட்டேன். முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏய், அதையெல்லாம் எங்க கொண்டுபோற?"

"பொடக்காலிக்குங்க."

"மழை வந்தா நனையாதா?"

"தையில என்னங்க மழை."

"இத்தனை நாளு அங்கதான இருந்துச்சு?"

"போகிங்க. பழசக் கழிக்கோணும்."

கதவருகே கொஞ்ச நேரம் நின்றார். காலிக் கட்டிலைப் பார்த்தார். போய்விட்டார். பினாயில் போட்டுத் துடைத்தேன், ஜன்னலைத் திறந்து வைத்தேன். போகிக்குச் செய்வதுதான், வேறொன்றுமில்லை.

தை 2, வெள்ளி

மாட்டுப் பொங்கல். வேலை அதிகம். ஆட்டம் இல்லை. அவரே சாயங்காலம் பலகையை எடுத்து வைத்து, "வரலையா?" என்றார். "இன்னைக்கு நேரமில்லீங்க" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கேட்டு நான் நேரமில்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

தை 6, செவ்வாய்

ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரிடமும் தலைக்கு ஒரு கொட்டை மிச்சம். அவர் யோசிக்கிறார் என்று நினைத்தேன். தலை நிமிராமல் கேட்டார்:

"பேரு வெச்சாச்சாமா?"

"யாருக்குங்க?"

"ஒண்ணுமில்லை" என்றார். "ஆடு."

அவர் கண் பலகையில் இல்லை. யானைக்குக் காவல் இல்லாமல் விட்டிருந்தார். வெட்டினேன். அதில் பாவம் ஒன்றும் இல்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் முழுசாகக் கேட்கட்டும்.

ஆட்டம் டிரா. முதல் முறையாகத் தோற்காத ஆட்டம். கேசரி கிண்டினேன். அவரும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

தை 10, சனி

சம்பூரணக்கா வந்தார். குழு வரும் வியாழன் விடியற்காலை கிளம்புகிறதாம். தாராபுரத்தில் ஒரு மண்டபத்தில் இராத் தங்கல்.

"பேரு எழுதட்டுமா வேண்டாமா, நெசத்தைச் சொல்லு."

"இன்னும் ஜெயிக்கலீங்கக்கா."

"அட, நீ என்ன புள்ள! ஊரே சாமி பேரச் சொல்லிட்டு நடக்குது, நீ புளியங்கொட்டைக்குக் காத்துட்டு ஒக்காந்திருக்கறே."

எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்குச் சுலபம். அவர் வீட்டுக்காரர் படத்தில் மாலையோடு இருக்கிறார், வேண்டாம் என்று சொல்லமாட்டார். இப்படி நினைத்தது தப்பு. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் நினைத்தேன்.

"எழுதிக்கோங்க" என்றேன்.

பச்சைப் புடவை ஒன்று பெட்டியிலிருந்து எடுத்தேன். மடிப்பு விடாதது.

தை 13, செவ்வாய், கிருத்திகை

விரதம். நேற்றும் இன்றும் தோல்வி.

தை 14, புதன்

இன்று நடந்ததைச் சரியாக எழுத வேண்டும்.

சாப்பாடு முடிந்து உட்கார்ந்தோம். இதுதான் கடைசி என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் சட்டை போடாத மனுஷன்.

நான் நன்றாக ஆடினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. தாண்டலை ஆரம்பத்திலேயே செலவழித்து ஒரு யானையை வெட்டினேன். என் ராணி வெட்டுப்பட்டபோது தயங்காமல் மீட்டேன். கட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன், அவர் காய்கள் பாதி காவலுக்கே நின்றன. அவர் ராணி ஒரு கட்டம் நகர்ந்த சமயம் பார்த்து என் குதிரை அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தது, மந்திரி காவலோடு. பிறகு ராணியையும் வெட்டினேன். அவருக்கு வேர்த்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவர் மீட்பு செல்லாது. கட்டை ஏற்கெனவே செலவழித்துவிட்டார். அடுத்த முறை நான் ராணியை ஒரு கட்டம் நகர்த்தினால் மேட். நான் பார்த்துவிட்டேன். அவரும் பார்த்துவிட்டார்.

அவர் பக்கத்தில் இரண்டு கொட்டை இருந்தன. ஒன்று செல்லாத மீட்பு. இன்னொன்று தாண்டல். அவர் தாண்டலை எப்போதும் முதல் பத்து நிமிஷத்திலேயே தீர்த்துவிடுவார், ஒரு நாளும் மிச்சம் வைத்ததில்லை. அதனால் நான் அந்தக் கொட்டையைப் பார்த்தும் பார்க்கவில்லை.

கொட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். அவருடைய யானை, தன் சிப்பாயையே தாண்டி, நேராக என் ராஜாவின் வரிசைக்கு வந்து நின்றது.

"செக்" என்றார். பிறகு மெதுவாக, "மேட்டுன்னு நெனைக்கறேன், பாரு" என்றார்.

பார்த்தேன். எல்லாப் பக்கமும் பார்த்தேன். மேட்தான்.

"மிச்சம் வெக்கறது உன்னைப் பார்த்துத்தான் படிச்சேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது.

"நல்லா ஆடுனீங்க" என்றேன். எழுந்தேன். ராத்திரிக்கு உப்புமாவுக்கு ரவை வறுத்தேன். மோர் கடைந்து வைத்தேன். மாவு ஆட்டி இரண்டு நாளைக்கு ஆகும்படி ஃபிரிட்ஜில் வைத்தேன். பிறகு பை கட்ட உட்கார்ந்தேன்.

அவர் வந்து நின்றார்.

"என்ன பண்ணறே?"

"பை கட்டறனுங்க. காலையில நாலு மணிக்குக் கெளம்பறாங்க."

"தோத்துட்டயே, ருக்கு."

"தோத்தேனுங்க."

"அப்பறம்?"

"அப்பறம் என்னங்க. தெனமும்தான் தோத்தேன். தோத்த மக்கா நாளு விடிஞ்சதும் பால் வந்துச்சு, கோலம் போட்டேன், சோறாக்குனேன். தோத்தா என்ன ஆகும்னு ஒரு பயம் இருந்துச்சுங்க எனக்கு, கல்யாணம் ஆன நாள்லருந்து. இந்த ஒரு மாசத்துல பார்த்துட்டேன். ஒண்ணும் ஆகறதில்லை."

"பேசுன பேச்சுன்னு ஒண்ணு இருக்குதல்ல?"

"இருக்குதுங்க. உங்ககிட்டப் பேசுனது மார்கழியில. முருகன்கிட்டப் பேசுனது ஐப்பசியில. முந்துன பேச்சுத்தானுங்க முந்தும்."

அவர் முகம் சிவந்தது. "நீ எங்க போறேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? பழனியாம் பழனி! வழியில எந்த ஊரு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தாராபுரமுங்க."

இந்த வீட்டில் அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னேன். சுவர் ஒன்றும் விழவில்லை. இன்னொன்றையும் சொன்னேன். "அங்க உங்க பொண்ணு இருக்கறா. பேத்தி இருக்கறா. ராத் தங்கறது மண்டபத்துல இல்லீங்க. அங்க."

"நான் கதவப் பூட்டிக்குவேன்."

"பூட்டிக்கோங்க. திரும்பி வந்து தட்டறேன். தொறக்கறதும் தொறக்காததும் உங்க ஆட்டம். நான் வந்து தட்டுவேன். அது என்ற ஆட்டம்."

பையின் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

அவர் கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பலகையை எடுத்து வைக்கவில்லை. காய்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. உப்புமா சாப்பிட்டார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

தை 15, வியாழன்

நாலு மணி. விளக்கேற்றிவிட்டேன். அவர் படுத்திருக்கிறார், தூங்கவில்லை. மூச்சு தெரிகிறது. "போயிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். பதிலுக்கு நிற்கப்போவதில்லை.

தை 15, இரவு, தாராபுரம்

கால் கொப்புளம். சம்பூரணக்கா வழி முழுக்க அரோகரா சொல்ல வைத்தார். முட்டி வலித்தது, நடந்தது. எங்கள் குழுவில் நான்தான் புதுசு என்பதால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க விட்டார்கள். தூக்கினேன்.

மண்டபத்துக்கு வந்ததும் அக்காவிடம் சொல்லிவிட்டுத் தெருவைக் கேட்டுக் கேட்டுப் போனேன். மாடி வீடு. பச்சைப் புடவையும் கழுத்தில் மணியும் காலில் புழுதியுமாகக் கதவு முன்னால் நின்றேன். மாப்பிள்ளைதான் திறந்தார். யாரோ பிச்சைக்கு வந்த பக்தை என்று நினைத்து அரிசி எடுக்க உள்ளே திரும்பினார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "கோகி! கோகி!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். நல்ல பையன். இரண்டு வருஷத்தில் இதை எழுதுவது இப்போதுதான்.

கோகிலா தோளில் பிள்ளையோடு வந்தாள். இளைத்திருக்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைத் தாண்டி, படிக்கட்டில், தெருவில், யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"அப்பா உட்டுட்டாராம்மா?"

"உடலை" என்றேன். "வந்துட்டேன்."

அவள் ஒரு நொடி புரியாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு, பிள்ளை பயந்து அழ ஆரம்பித்துவிட்டது. கையை நீட்டினேன். புழுதியோடு தூக்க வேண்டாம் என்று மாப்பிள்ளை சுடுதண்ணீர் கொண்டுவந்தார். குளித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். மடியில்தான் தூங்குகிறாள். ஒரு கையால் எழுதுகிறேன்.

விடியற்காலை மூன்று மணிக்குக் குழு கிளம்புகிறது. நேர்த்திக்கடன் பாதியில் நிற்கக் கூடாது, போவேன். திரும்புவதும் இந்த வழிதான். அக்காவிடம் சொல்லிவிட்டேன்: எல்லாரும் பஸ்ஸில் காங்கேயம் போகட்டும், நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன் என்று. எத்தனை நாள் இருப்பேன் என்று கோகிலா கேட்டாள்.

"நானாப் போகோணும்னு நெனைக்கற வரைக்கும்" என்றேன்.